அன்போடு விரட்டுவது எப்படி?

பெருமதிப்பிற்குரிய தாளாளர் பெருமக்களே,

எல்.கே.ஜி. சேர்க்கைக் காலம் வந்துவிட்டது. முச்சந்தியில் ஃபிளெக்ஸ் கட்டியாகிவிட்டது. ‘ஒவ்வொரு குழந்தையும் ஓர் அதிசயம்’ என்று அதில் ஒரு வரியும் போட்டுவிட்டீர்கள். வினையே அந்த வரிதான். அதை நம்பிச் சில பேர் வந்து தொலைப்பார்கள். மூன்றரை வயதாகியும் பேச்சு வராத பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பை நிறைய மருத்துவச் சீட்டுகளோடு ஓர் அம்மா வருவார். காதில் கருவி மாட்டிய பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாத்தா வருவார். நடக்க வராத குழந்தை உங்கள் பளிங்குத் தரையில் தவழ்ந்தே வந்து மேசை மணியைத் தட்டிப் பார்க்கும். இவர்களைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். ஆனால் ‘சேர்க்க மாட்டோம்’ என்ற சொல் மட்டும் உங்கள் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. வந்தால் பாகுபாடு, சட்டம், பத்திரிகை, டிவி என்று நாலு தலைவலி.

அதற்கான கையேடு இது. சொந்தச் சரக்கு ஒன்றும் இல்லை. உங்கள் சகாக்கள் ஆண்டுக்கணக்காகக் கையாண்டு வெற்றி கண்ட வழிகளைத் தொகுத்தது மட்டுமே என் வேலை.

‘சீட் ஃபுல்’ என்பது பழைய முறை, முரட்டு முறையும்கூட. அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதே நிமிடம் விண்ணப்பம் நீட்டும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். வரவேற்பறையில் இருக்கும் பெண் புதுசாக இருந்தால் இதைத்தான் சொல்லுவார். பழக்கிவிடுங்கள்.

சிறந்தது அன்பு. பிரின்சிபல் மேடத்தை விட்டுப் பேசச் சொல்லுங்கள். குழந்தையின் கன்னத்தைத் தட்டச் சொல்லுங்கள். ஒரு சாக்லேட். பிறகு, “எங்களுக்கு ஆட்சேபணையே இல்லைம்மா. ஆனா இவனுக்குன்னு தனிக் கவனம் வேணும் இல்லையா? எங்க கிளாஸ்ல நாப்பது பசங்க. கூட்டத்துல தொலைஞ்சு போயிடுவான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.” இதில் ஒரு சின்ன ஆபத்து உண்டு. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் எந்தக் குழந்தைக்கும் தனிக் கவனம் கிடைக்காது என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்துவிடுகிறீர்கள். ஆனால் பயமில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா அழுதுகொண்டிருப்பார், கணக்குப் போட மாட்டார். மற்ற முப்பத்தொன்பது பெற்றோரும் அந்த அறையில் இருப்பதில்லை.

அன்புக்கு அடுத்தது காலம். “இன்னும் ஒரு வருஷம் தெரபி குடுங்க. பேச்சு வந்ததும் கூட்டிட்டு வாங்க, முதல் சீட் இவனுக்குத்தான்.” எவ்வளவு நயமான வாக்குறுதி! மூன்று வயதுப் பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? பொம்மைக்குச் சண்டை போடும் இன்னொரு மூன்று வயதுப் பிள்ளையிடமிருந்தும்தான் வரும். அந்த இன்னொரு பிள்ளை இருப்பது உங்கள் வகுப்பறையில். நீச்சல் கற்றுக்கொண்டு வா, அதற்குப் பிறகு ஆற்றில் இறங்கலாம் என்பது மாதிரியான ஏற்பாடு. அந்த அம்மா பேசாமல் போய்விடுவார். நாலு சுவருக்குள், மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, படம் போட்ட அட்டைகளைக் காட்டி ‘ஆப்பிள் சொல்லு, ஆப்பிள் சொல்லு’ என்று ஒரு வருடம் ஓடும்.

இந்த முறையின் அழகு இரண்டாம் ஆண்டில்தான் தெரியும். அடுத்த ஜூனில் அவர்கள் திரும்பி வருவார்கள். அப்போது சொல்லவேண்டியது: “வயசு கூடிடுச்சேம்மா. சின்னப் பசங்களோட இவனை எப்படி உட்கார வைக்கறது?” ஆறு வயதில் ஒன்றாம் வகுப்புக் கேட்டு வந்தால், “எல்.கே.ஜி., யு.கே.ஜி. எதுவுமே படிக்கலையே, அடிப்படையே இல்லாம எப்படி?” மூன்று வயதில் சீக்கிரம். ஐந்து வயதில் தாமதம். இரண்டுக்கும் நடுவில் நான்கு வயதில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை சரியான நேரமாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு உங்கள் அலுவலகம் விடுமுறை.

கழிப்பறைப் பயிற்சியையும் மறந்துவிடாதீர்கள். “சொல்லத் தெரியுதா? தெரிஞ்சதும் வாங்க.” இந்த இடத்தில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்.கே.ஜி. என்பது இவ்வுலகின் மிகச் சமத்துவமான வகுப்பு. அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். எல்லோரும் அழுவார்கள். பாதிப் பேர் கடிப்பார்கள். ஜூன் மாதத்தில் நனையாத டவுசரே கிடையாது. ஆயாம்மாக்கள் இல்லையென்றால் அந்த வகுப்பு ஒரு நாள் நடக்காது. வாய்ப்பாடு, கட்டுரை, முழுப் பரீட்சை எதுவும் இல்லை. ‘பாடத்தில் பின்தங்குவான்’ என்று சொல்லவே வழியில்லாத ஒரே வகுப்பு அது. ஆகவே வேறு அகராதி வேண்டும். மருத்துவச் சான்றிதழ் இல்லாத குழந்தை கடித்தால் அது துறுதுறுப்பு. சான்றிதழ் உள்ள குழந்தை கடித்தால் நடத்தைக் கோளாறு. முன்னவன் நழுவி ஓடினால் சுட்டி, பின்னவன் ஓடினால் ‘சேஃப்டி இஷ்யூ’. முன்னவள் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தால் சமத்து. பின்னவள் உட்கார்ந்திருந்தால், “பாருங்க, அவளால மத்தவங்களோட சேரவே முடியலை.”

இத்தனையையும் தாண்டிச் சில பெற்றோர் உள்ளே வந்துவிடுவார்கள். விடாக்கண்டர்கள். அவர்களுக்கென்று ‘ஷேடோ டீச்சர்’ திட்டம் இருக்கிறது. குழந்தையோடு நிழல்போல ஒருவர் இருக்க வேண்டும், அவரை நீங்களே தேடுங்கள், சம்பளமும் நீங்களே கொடுங்கள், பள்ளிக் கட்டணத்தில் மட்டும் ஒரு பைசா குறையாது. நிழலுக்குக் கொடுக்கும் சம்பளம் பல ஊர்களில் வகுப்பு மிஸ் வாங்குவதைவிட அதிகம் என்பது மிஸ்ஸுக்குத் தெரிய வேண்டாம். ஆள் கிடைக்காவிட்டால், “நீங்களே வந்து உட்காருங்கம்மா.” வேலையை விட்டுவிட்டு வந்து, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், ஒன்பது மணிக்கு உட்காருவார். பக்கத்து வகுப்புப் பிள்ளைகளுக்கும் மூக்கைத் துடைத்துவிடுவார். ஊழியர் பட்டியலில் இல்லாத, சம்பளம் கேட்காத, நீங்கள் எப்போது முறைத்தாலும் எழுந்து நிற்கும் ஓர் ஆயாம்மா. இதற்குமேல் ஒரு நிர்வாகம் என்ன கேட்கும்?

அப்படியும் பையன் தாக்குப்பிடித்தால் நேரத்தைச் சுருக்குங்கள். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை போதும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். கூடிச் சாப்பிடும் நேரம் கூடாது. விளையாட்டு நேரம் வேண்டாம். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் தொலைபேசி: “நாளைக்கு சவுண்ட் அதிகமா இருக்கும், லைட்டெல்லாம் போடுவாங்க, பாவம் பயந்துக்குவான், வீட்ல வச்சுக்கங்க.” டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று மட்டும் காலை எட்டு மணிக்கே வந்தாக வேண்டும், குளித்து, பவுடர் போட்டு. புகைப்படத்தில் முன்வரிசை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிரம்மாஸ்திரம் இருக்கிறது. “நாங்க என்னம்மா பண்றது? மத்த பேரண்ட்ஸ் கம்ப்ளெய்ண்ட் பண்றாங்க.” இதில் உங்கள் கை சுத்தம். பழி, பெயரில்லாத ஒரு கூட்டத்தின் தலையில். சமயத்தில் இது உண்மையாகவும் இருந்துவிடும் என்பதுதான் இதன் பலம். வகுப்பு வாட்ஸாப் குழுவில் காலை வணக்கமும் கருணை பற்றிய பொன்மொழிகளும் அனுப்பும் அதே கைகள், இரவு பத்து மணிக்கு, “அந்தப் பையனைப் பார்த்து எங்க பொண்ணும் அப்படியே கை ஆட்டறா, மிஸ்” என்று தனியாகத் தட்டி அனுப்பும். அந்தப் பெண் யானையைப் பார்த்தால் யானை மாதிரியும் ஆடுவாள், நாலு வயதுக்காரியின் தொழிலே அதுதான். ஆட்டம் தொற்றும் என்று பயப்படுகிறவர்களுக்கு, தங்கள் முகச்சுளிப்பு தொற்றும் என்பது தோன்றுவதே இல்லை.

சட்டம் என்று யாராவது மிரட்டினால் கலங்க வேண்டாம். சட்டத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள், உங்களுக்காகவே ஒரு ஜன்னல் திறந்து வைத்திருக்கிறார்கள். 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி அடிப்படை உரிமை என்றது. ‘எல்லா’ என்றால் மூன்று வயதும் சேர்த்திதான். அரசு பதறிப்போயிற்று. 2002இல் அரசியலமைப்பில் 86ஆம் திருத்தம் கொண்டுவந்து, உரிமை ஆறு வயதில் தொடங்கும் என்று கோடு போட்டார்கள். அதற்குக் கீழே உள்ளவர்களை 45ஆம் பிரிவுக்குத் தூக்கி வைத்தார்கள். அங்கே இருப்பது உரிமை கிடையாது, அரசு செய்யப் பார்க்க வேண்டிய காரியங்களின் பட்டியல். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் ஆறிலிருந்து பதினான்கு. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், 2016, தாராள மனத்தோடு 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆனால் 31ஆம் பிரிவில் இலவசக் கல்வி என்று வரும்போது மீண்டும் ஆறு வயது முதல் பதினெட்டு, அதுவும் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் என்று சான்றிதழ் வேண்டும். முப்பத்தொன்பது விழுக்காட்டுக் குழந்தைக்கு அரசின் வாழ்த்துகள்.

மூளை அதிவேகமாக வளரும் ஆண்டுகள் முதல் ஆறுதான் என்று குழந்தை மருத்துவர்கள் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆறையும் விட்டுவிட்டு ஏழாவதிலிருந்து உரிமை கொடுக்கும் நாட்டில், தாளாளர் பெருமக்களே, உங்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ஒரே ஒரு முள் இருக்கிறது. அதே 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது, வயது குறிப்பிடாமல். கட்டடம் ஏறி வர வழி வேண்டும், தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்றும் சொல்லித் தொலைக்கிறது. நல்லவேளையாக, அரசு இதற்கெல்லாம் ‘முயலும்’ என்றுதான் அந்தப் பிரிவே ஆரம்பிக்கிறது. முயல்வதற்குக் காலக்கெடு இல்லை. சட்டத்தை மீறினால் 89ஆம் பிரிவின்படி முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். உங்கள் ஆண்டு விழா மேடையின் பூ அலங்காரத்துக்குக் காணாது. இரண்டாம் முறையிலிருந்து ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை போகலாம். அதற்கு முதல் முறை யாராவது புகார் செய்து, நிரூபித்து, தண்டனை கிடைத்திருக்க வேண்டும். அது வரைக்கும் அந்தக் குழந்தை எல்.கே.ஜி. வயதிலேயே நின்றுகொண்டிருக்காது.

இன்னொரு சங்கதி. கல்வி உரிமைச் சட்டத்தின்படி உங்கள் எல்.கே.ஜி.யில் 25 விழுக்காட்டு இடங்கள் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு உரியவை. அதன் 2012 திருத்தத்துக்குப் பிறகு ஊனமுள்ள குழந்தையும் அந்தப் பிரிவில் வருகிறது. இந்த விஷயம் அந்த அம்மாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் அரசுகள் உங்களுக்கு உதவக்கூடியவைதாம். 2025-26 கல்வியாண்டில் கல்வி நிதி தொடர்பாக ஒன்றியமும் மாநிலமும் மல்லுக்கு நின்றதில், ஜூனில் முடியவேண்டிய அந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தொடங்கவே இல்லை.

அரசு தன் சொந்தக் கூடத்தில் என்ன செய்கிறது என்று பார்த்தால் உங்களுக்கு இன்னும் தெம்பு வரும். தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையங்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். அங்கே வரும் பிள்ளைகளை ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு வந்து பரிசோதிக்க வேண்டும் என்பது 2013இல் தொடங்கிய திட்டம். குறையைக் கண்டுபிடிப்பார்கள், நோட்டில் எழுதுவார்கள், மாவட்டத் தலைநகரில் உள்ள மையத்துக்குப் போகச் சொல்லிச் சீட்டுக் கொடுப்பார்கள். இரண்டு பேருந்து மாறி, கூலி வேலையைக் கெடுத்துக்கொண்டு, வாரத்துக்கு எத்தனை முறை போக முடியும் என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்காது. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு ஊனமுள்ள குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்து வளர்ப்பதற்கென்று ஒரு நெறிமுறையே வெளியிட்டது. நல்ல நெறிமுறை. அதை நிறைவேற்ற வேண்டியவர் யார்? எடை பார்க்கிற, உயரம் அளக்கிற, சத்துமாவு கொடுக்கிற, கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்கிற, இதையெல்லாம் சிக்னல் கிடைக்காத ஊரில் நின்று கைப்பேசிச் செயலியில் ஏற்றுகிற, பக்கத்து ஊர் மையத்துக்கும் ‘கூடுதல் பொறுப்பு’ பார்க்கிற அந்த ஒரே ஒரு டீச்சரம்மா. துணைக்கு ஓர் உதவியாளர், பணியிடம் காலி இல்லையென்றால். உண்மையில் இந்த நாட்டில் நடக்கத் தெரியாத பிள்ளையை, பேசத் தெரியாத பிள்ளையை, சத்தம் போடாமல் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைத்துச் சோறு ஊட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த டீச்சரம்மாக்களும் உதவியாளர்களும்தான். அவர்களை நான் இந்தக் கையேட்டில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு விரட்டத் தெரியாது.

சிறப்பாசிரியர்கள் கதை தனி. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளியில் ஊனமுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று விகிதம் வகுத்தது. நம்மூரில் ஒரு சிறப்பாசிரியர் ஊராட்சி ஒன்றியத்தின் பள்ளிகளையெல்லாம் சுற்றி வருவார், தொகுப்பூதியத்தில். சுற்றாத நாட்களில் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராட்டத்தில் உட்கார்ந்திருப்பார். கடுமையான பாதிப்புள்ள குழந்தை என்றால் ‘வீட்டுவழிக் கல்வி’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பள்ளி எப்போதாவது வீட்டுக்கு வந்துவிட்டுப் போகும், குழந்தை மட்டும் பள்ளிக்கு வராது.

ஒரு வேண்டுகோள். உங்கள் வளாகத்துக்குள் சில செய்திகள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பாயில் 1970களின் தொடக்கத்தில், மூளை முடக்குவாதம் உள்ள தன் மகளுக்குப் பள்ளி கிடைக்காத மித்து ஆலூர் என்ற பெண், தானே ஒன்றைத் தொடங்கினார். பிற்பாடு அவருடைய நிறுவனம், தனிப்பள்ளியே தீர்வு என்று நின்றுவிடாமல், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும் பாலர் வகுப்புகளை நடத்திக் காட்டியது. எங்கே? தாராவியில். தகரக் கூரை, சாக்கடை, ஒண்டுக்குடித்தனம், அதே தாராவி. நம்மூரில் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பள்ளியில், ஊனமுள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் ஒன்றாகவே படிக்கிறார்கள். தாராவியில் முடிந்தது, ஆய்க்குடியில் முடிகிறது. குளிர்சாதனமும் ஸ்மார்ட் போர்டும் குதிரையேற்றமும் ரோபோட்டிக்ஸும் உள்ள உங்கள் வளாகத்தில்தான் ‘ஃபெசிலிட்டி இல்லை’. குதிரைக்கு லாயம் கட்ட இடம் இருக்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட இடம் இல்லை.

போதும். இதுவரை தாளாளர்களிடம் பேசினேன், இனி அவர்களுக்குக் கட்டணம் கட்டுகிற நம்மிடம். அவர்களுக்கு இந்தத் துணிச்சலைக் கொடுத்தது நாம்தான். பள்ளி சுற்றிப் பார்க்கப் போகும்போது கேமரா எத்தனை, வேனில் ஜி.பி.எஸ். உண்டா, இந்தி உண்டா, அபாகஸ் உண்டா என்று கேட்கிறோம். ஊனமுள்ள பிள்ளைகள் இந்த வகுப்பில் எத்தனை பேர் என்று நம்மில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. பேசாத பையனைப் பார்த்து நம் பிள்ளை ‘ஏன் மிஸ் இவன் பேசலை?’ என்று கேட்டு, மிஸ் ஒரு பதில் சொல்லி, சரி என்று இரண்டும் மணலில் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மூன்று நிமிடம் ஆகும். இருபது வயதுக்கு மேல் அதே பிள்ளைக்கு அலுவலகத்தில் ‘சென்சிடைசேஷன்’ பயிற்சி கொடுக்க, ஓட்டல் அறை எடுத்து, மதிய உணவோடு ஒரு நாள் முழுக்க ஆகிறது.

திருப்பி அனுப்பப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கையேட்டின் எல்லா வழிகளும் வாய்ப்பேச்சில்தான் செல்லுபடியாகும். எதற்கும் தாள் கிடையாது, கையெழுத்து கிடையாது, முத்திரை கிடையாது. அதுதான் தாளாளர்களுடைய ஒரே பாதுகாப்பு. ஆகவே பிரின்சிபல் மேடம் கன்னத்தைத் தட்டிச் சாக்லேட் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு, “நீங்க சொன்ன காரணத்தைப் பள்ளி லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க, மேடம்” என்று கேளுங்கள். தரமாட்டார்கள். அன்றைக்கே நீங்கள் எழுதுங்கள். எந்தத் தேதி, யார், என்ன சொன்னார் என்று நாலு வரி. பள்ளிக்குப் பதிவுத் தபாலில் ஒரு பிரதி, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு ஒரு பிரதி. இத்தகைய புகாரை விசாரிக்கும்போது ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அந்த ஆணையருக்கு 2016 சட்டத்தின் 82ஆம் பிரிவில் கொடுக்கப்பட்டிருக்கிறது. பயன்படுத்தச் சொல்லுங்கள்.